ஆகஸ்ட் குறிப்புகள்

ஆகஸ்ட் 13
மாற்றமில்லை.

ஆகஸ்ட் 14
ஐந்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். பேசுங்க, கேட்கும் என்றார் நர்ஸ் அக்கா. எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு என்றால் விமானம்தான், அதனால் அவர் எனக்குச் சொன்ன கர்போவ்கா கதையை அவருக்கே திருப்பிச் சொன்னேன். 1942 நவம்பர், ஸ்டாலின்கிராடு பக்கம், ருமேனியாவின் 7-வது சண்டை விமானப் பிரிவு இருந்த தளத்துக்கே சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன. அவர்கள் ஓட்டியது மெசர்ஷ்மிட் என்ற ஜெர்மன் சண்டை விமானம்; தரையில் நிற்கும்போது அதன் மூக்கு வானத்தைப் பார்த்துத்தான் இருக்கும். அந்தப் பிரிவின் விமானி அலெக்சாண்ட்ரு ஷெர்பனெஸ்கு வாலைத் தூக்கி நிறுத்தச் சொல்லி டாங்கிகள் மேல் சுட வைத்தார். அப்புறம் ஒரே ஆள் உட்காரும் விமானத்துக்குள் மெக்கானிக்குகளையும் திணித்துக்கொண்டு, ஷெல் விழ விழக் கிளம்பினார்கள். மெக்கானிக்கையும் ஏற்றிக்கிட்டான் பார், என்பார் அப்பா ஒவ்வொரு முறையும்.

ஆகஸ்ட் 16
நேற்று 7, இன்று 6 என்றார் டாக்டர். எண்களைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. இன்னொரு ருமேனிய விமானி கான்ஸ்டன்டின் கான்டாகுசினோ எத்தனை விமானம் வீழ்த்தினார் என்று தேடினால் இடத்துக்கு ஒரு கணக்கு. காரணம், 1944-இல் ருமேனியர்கள் புள்ளி போட்டார்கள்: நான்கு என்ஜின் விமானத்துக்கு 3, இரண்டு என்ஜினுக்கு 2, ஒன்றுக்கு 1. புள்ளியை விமானம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மனிதரை இப்படியா எண்ணுவது?

ஆகஸ்ட் 18
1944-இல் இதே நாள். ஷெர்பனெஸ்கு அப்போது 9-வது பிரிவின் தளபதி, வயது 32. ருமேனியாவின் ப்ரஷோவ் நகரத்துப் பக்கம் அமெரிக்க மஸ்டாங் சண்டை விமானங்களோடு சண்டை. அவருடைய ரேடியோ வேலை செய்யவில்லை. பின்னால் வருகிறான் என்று கூட வந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள், அவருக்குக் கேட்கவில்லை. ஐந்தே நாளில், 23-ஆம் தேதி, ஜெர்மனி பக்கம் நின்று நாட்டை ஆண்ட அந்தோனெஸ்குவை மன்னர் மிஹாய் கைது செய்ய, நாடே அணி மாறிவிட்டது. ஐந்து நாள்.
இதை இன்று உள்ளே சொல்லவில்லை. வேறு ஏதோ பேசிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19
அந்த ரேடியோ.

ஆகஸ்ட் 21
குளிக்க வீட்டுக்கு வந்தேன். மேசையில் அவர் பாதியில் விட்ட மெசர்ஷ்மிட் 109-ஜி மாடல். பெயின்ட் அடித்தாயிற்று, நாட்டுக் குறிதான் ஒட்டவில்லை. மன்னரின் பெயரில் வந்த சிலுவையா, அணி மாறிய பிறகு வந்த நீலம் மஞ்சள் சிவப்பு வட்டமா? அதே பிரிவுதான், அதே ஜெர்மன் விமானம்தான், ஆனால் இப்போது ஜெர்மானியர்களையே எதிர்த்து ஸ்லோவாக்கியா வரை போனார்கள். 1945 பிப்ரவரி 25 அன்று கான்டாகுசினோவையே சுட்டு வீழ்த்தினார்கள், அவர் பிழைத்தார். அதே நாளில் விமானி ட்ரயான் தர்ஜான் பிழைக்கவில்லை. எதை ஒட்டப் போகிறார் என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு தாளையும் எடுத்து வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 24
மாற்றமில்லை. அத்தை இட்லி கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் 27
இன்று கான்டாகுசினோ நாள், அதனால் தைரியமாக உள்ளே போனேன். ருமேனியாவில் கைதியாக இருந்த அமெரிக்க அதிகாரி ஜேம்ஸ் கன்னை மெசர்ஷ்மிட்டின் வயிற்றில் அடைத்து, பக்கவாட்டில் அமெரிக்கக் கொடியை வரைந்து, இத்தாலிக்கு ஓட்டிப் போனார் அல்லவா, அது. கன்னுக்கு இடம் வேண்டும் என்று ரேடியோவைக் கழற்றினார்கள்ப்பா, ரேடியோ இல்லாமலேதான் போய் இறங்கினார் என்று இரண்டு தடவை சொன்னேன். 1,100-க்கும் மேற்பட்ட கைதிகளைக் கூட்டிப்போக அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் வந்ததைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அது நாளைக்கு.