பொது இடத்துச் சிலையைப் படமெடுத்தால் உரிமை யாருக்கு?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்களையும் கோட்டைகளையும் தேடிச் சென்று படமெடுக்கும் இளைஞர்கள் பெருகிவருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் படங்களை வெளியிடும் நேரம் வரும்போது, பதிப்புரிமைச் சிக்கல் வந்துவிடுமோ என்று அஞ்சிப் பலரும் அவற்றைக் கணினிக்குள்ளேயே முடக்கி வைத்துவிடுகிறார்கள். அந்த அச்சத்தில் பெரும்பகுதி தேவையற்றது.

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஒரு சிற்பத்துக்கு அதைப் படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே, ஊரோரம் நிற்கும், வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகல்லுக்கோ, ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கோ, அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களுக்கோ இன்று பதிப்புரிமை கொண்டாட யாரும் இல்லை.

கேள்வி எழுவது நம் காலத்துச் சிலைகளில்தான். நாற்சந்தியில் நிற்கும் தலைவர் சிலையை வடித்த சிற்பி இன்றும் உயிரோடு இருக்கலாம். பணம் கொடுத்துச் சிலையைச் செய்வித்த குழுவுக்கு அந்த வெண்கலம் சொந்தமாகுமே தவிர, சிற்பி எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்காத வரையில் பதிப்புரிமை பொதுவாக அவரிடமே தங்கும். அப்படியிருந்தும் நாம் படமெடுக்கலாம். பொது இடத்திலோ, மக்கள் வந்துபோகக்கூடிய வளாகத்திலோ நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தைப் படமெடுப்பதும், வரைவதும், அவற்றை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று சட்டத்தின் 52(1) பிரிவில் உள்ள ‘டி’ (t) உட்பிரிவு தெளிவாகவே சொல்கிறது. விற்பனைக்கு எடுத்த படம், விருப்பத்துக்கு எடுத்த படம் என்ற வேறுபாட்டை அது காட்டவில்லை. கட்டடங்களுக்கும் இதே போன்ற விலக்கு தனியாக உண்டு.

இந்தத் தாராளம் எல்லா நாடுகளிலும் இல்லை. வாஷிங்டனில் உள்ள கொரியப் போர் நினைவிடத்தின் வீரர் சிலைகளை வெண்பனி படர்ந்திருந்தபோது ஒருவர் படமெடுக்க, அமெரிக்க அஞ்சல் துறை 2003-இல் படக்காரருக்குப் பணம் கொடுத்து அதைத் தபால்தலையாக வெளியிட்டது. சிலைகளை வடித்த ஃபிராங்க் கேலார்ட் வழக்குத் தொடுத்தார். 2013-இல் அவருக்கு 6,80,000 டாலருக்கு மேல் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. என் வாசிப்பில், அதே படம் நம் நாட்டுச் சிலையைப் பற்றியதாக இருந்திருந்தால் ‘டி’ உட்பிரிவே அதைக் காத்திருக்கும்.

எல்லைகளும் உண்டு. ‘நிலையாக’ என்ற நிபந்தனை இருப்பதால், விநாயகர் சதுர்த்திக்கு வைத்துப் பின் கரைத்துவிடும் சிலைகளுக்கும், சில நாள் கண்காட்சியில் வைக்கும் சிற்பங்களுக்கும் இந்த விலக்குப் பொருந்தாது. விலக்குப் படத்துக்கு மட்டுமே உரியது. படத்தைப் பார்த்து அச்சிலையின் சிறு பொம்மைகளை வார்த்து விற்றால் சிற்பியின் அனுமதி வேண்டும். மேம்பாலத் தூண்களில் தீட்டப்படும் புதிய ஓவியங்களையும் ‘டி’ உட்பிரிவு சேர்க்கவில்லை. தெருவில் எல்லோர் கண்ணிலும் படும் ஓவியத்தைச் சிற்பத்திலிருந்து பிரித்து வைத்திருப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. சட்டத்தைத் திருத்தும்போது இதைச் சரிசெய்ய வேண்டும்.

ஓர் இடத்தில் படமெடுப்பதற்கான அனுமதி என்பது பதிப்புரிமையிலிருந்து வேறானது. கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஆணையிட்டது வழிபாட்டிடத்தின் ஒழுங்கு கருதியே. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்க முன் அனுமதி கேட்பதும் அத்தகையதே.

நடுகல்லுக்குப் பதிப்புரிமை இல்லாவிட்டாலும், நீங்கள் எடுத்த படத்துக்கு உண்டு. வில்லேந்திய வீரனின் மார்பில் தைத்த அம்பும், காலருகே சிறிதாகச் செதுக்கிய மாடும், தேய்ந்த எழுத்துகளும் உச்சிவெயிலில் மங்கிப்போகும். காலைச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் துலங்கும். (எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள், அது கல்லைக் கெடுக்கும்.) அந்த ஒளியையும் கோணத்தையும் தேர்ந்தெடுத்தவர் நீங்கள். அப்படத்தை இணையத்திலிருந்து எடுத்து நாட்காட்டியிலோ நூல் அட்டையிலோ அச்சிடுபவர் உங்களிடம் கேட்டாக வேண்டும்; படைத்தவர் என்று உரிமை கோர 57-ஆம் பிரிவு உங்களுக்கு இடமளிக்கிறது. பலருக்கும் பயன்பட வேண்டும் என்று விரும்பினால், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுங்கள். கூடவே ஊர்ப் பெயரையும் படமெடுத்த நாளையும் எழுதிவையுங்கள். நாளை சாலைப் பணிக்காக அக்கல் பெயர்க்கப்பட்டால், அது எங்கே நின்றது என்பதற்கு அந்தக் குறிப்பே சான்றாகும்.