ஆயாவுக்கு நெறி கட்டியிருக்கு

வெளியே எடுத்த குடலைச் சூடான சலைனில் நனைத்த மாப்பால் (ஆபரேஷன் துணியால்) மூடிவிட்டு, நாங்கள் நாலு பேரும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மயக்க மருத்துவர் ஆக்ஸிஜனைக் கூட்டிவைத்திருந்தார். பத்து நிமிஷம். அதற்குள் நிறம் மாற வேண்டும். மூடும்போது நாவற்பழத் தோல் மாதிரி இருந்தது. இறுக்கியிருந்த வளையத்தின் தடம் சாம்பல் நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. மாப்பை எடுத்தபோது ஓரங்களில் சிவப்பு ஏறியிருந்தது. விரலால் லேசாகச் சுண்டினேன். மண்புழு நெளிகிற மாதிரி ஓர் அலை ஓடியது. போன பளபளப்பும் திரும்பியிருந்தது.

"பொழச்சுக்கிச்சு சார்" என்றார் தியேட்டர் சிஸ்டர். மனிதரைச் சொல்லவில்லை, குடலைச் சொன்னார்.

மனிதர் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் உப்புப் போட்ட பச்சைத்தோல் சுமக்கிறவர். ஐம்பது தாண்டியவர். எட்டு வருஷமாக இறக்கம், அதாவது குடல் பிதுங்கி வரும் ஹெர்னியா. படுத்தால் உள்ளே போகும், சுமை தூக்கினால் வெளியே வரும். கோவணத்தை இறுக்கிக் கட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். முந்தின மாதம்தான் ஓ.பி.யில் பார்த்து, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். "கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஆவட்டும் சார்" என்றார். குடியாத்தம் பக்கத்து ஆட்களுக்கு வைகாசி முதல் தேதி சிரசு பார்க்காமல் ஆஸ்பத்திரியில் படுப்பதெல்லாம் நடக்காத காரியம். நானும் வற்புறுத்தவில்லை. சிரசுக்கு நாலு நாள் இருக்கும்போது, மத்தியானம் லாரியிலிருந்து தோலை இறக்குகையில் மாட்டிக்கொண்டது. வழக்கம்போல அமுக்கிப் பார்த்திருக்கிறார், போகவில்லை. கல்லாகிவிட்டது. ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார்.

தியேட்டரில் இன்னொரு கூத்து. முதுகில் ஊசி போட்டுக் கால் மரத்ததும் தசையெல்லாம் தளர்ந்து, அந்தக் கட்டி தானாகவே உள்ளே நழுவிவிட்டது. உதவிக்கு நின்ற இளம் டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்குப் பகீரென்றது. இறுகிக் கிடந்த குடல் உயிரோடு உள்ளே போனதா, அழுகியது போனதா? பார்க்காமல் தைத்து அனுப்பினால், மூணாம் நாள் ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழோடு திரும்பி வருவார். குடல் பிதுங்கி இறங்கியிருந்த பையைத் திறந்து, அதன் வாய் வழியாகவே குடலை முழம் முழமாக இழுத்துப் பார்த்து, அந்தச் சாம்பல் கோடு போட்ட மடிப்பைப் பிடித்தோம். சிக்காமல் போயிருந்தால் நடுவயிற்றைத் திறந்திருப்போம். வெட்ட வேண்டிய அவசியம் வராததால் இறங்கிய இடத்தைப் பலப்படுத்தும் வலை வைத்தே தைத்தேன். நாலாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். சிரசு பார்க்க முடியாத கோபம் மட்டும் அவருக்குப் போகவில்லை.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்காமலே சொல்வேன். அடுத்ததைச் சொல்லப் பல வருஷம் ஆயிற்று.

அப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் நான் டியூட்டி டாக்டர். பீடி சுற்றுகிற ஆயா ஒருவர், எழுபதுக்கு மேல். புகையிலைக் கறை ஏறிப்போன விரல்கள். ரெண்டு நாளாக வாந்தி என்று மகன் கூட்டிவந்தார். வயிறு பெரிதாக உப்பவில்லை. காலையில்கூட வெளிக்குப் போயிருந்தார். குடல் அடைப்பு இருந்தால் எப்படிப் போகும் என்று நானே முடிவுகட்டி, டிரிப் போட்டு, வாந்திக்கு ஊசி எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தேன். ராத்திரி சிறுநீருக்கு டியூப் போடப் போன சிஸ்டர்தான் வந்து சொன்னார்: "சார், ஆயாவுக்கு வலது தொடையிடுக்குல நெறி கட்டியிருக்கு."

குதிகாலில் ஒரு பழைய புண் இருந்தது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போய்ப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. புடவைக்கு மேலேயே விரலை வைத்தேன். நெல்லிக்காய் அளவு, கொஞ்சம் வலித்தது. தலையாட்டிவிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதினேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார், எனக்கும் அந்த வயசில் கூச்சம்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் திரையை இழுத்துவிட்டு, துணியை விலக்கி, ஒரே ஒரு தடவை தொட்டார். "நெறிக்கட்டி வாந்தி எடுக்குமாய்யா?" என்று மட்டும் கேட்டார்.

அது ஃபிமோரல் ஹெர்னியா. ஆண்களுக்கு அதிகம் வரும், அடிவயிற்று ஓரத்து இன்குவினல் இறக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, தொடை ஆரம்பிக்கிற இடத்தில் வரும். வயதான, மெலிந்த பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். வாசல் குறுகலானது, சுற்றி விட்டுக்கொடுக்காத நார். ஆயாவுக்குக் குடலின் முழுச் சுற்றும் மாட்டவில்லை. ஒரு பக்கச் சுவர் மட்டும் கிள்ளியெடுத்த மாதிரி சிக்கியிருந்தது. வழி முழுக்க அடையாததால் மலம் போய்க்கொண்டிருந்தது, சுவரோ அழுகிக்கொண்டிருந்தது. பையைத் திறந்தவுடனே நாற்றம். பத்து நிமிஷம் காத்திருக்கும் பேச்சே எழவில்லை. ஒரு சாண் குடலை வெட்டி இணைத்தோம். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அஞ்சாம் நாள் சளி, அப்புறம் காய்ச்சல், அப்புறம் சிறுநீர் குறைந்தது. பதினோராம் நாள் போய்விட்டார். இந்த ஆபரேஷனில் டேபிளிலேயே இறப்பவர்கள் அபூர்வம். நுரையீரலும் சிறுநீரகமும் கைவிட்டு வார்டில்தான் இறக்கிறார்கள்.

"மொத நாளே பண்ணியிருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?" என்று மகன் கேட்டார். "வயசாயிடுச்சு இல்ல" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஸ்வீடனில் 1992-இலிருந்து இறக்க ஆபரேஷன்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 2007-இல் அதிலிருந்து ஒரு கணக்கு வெளியானது. ஆபரேஷன் முடிந்த 30 நாளுக்குள் சாகிற ஆபத்தை அதே வயசுள்ள பொதுஜனங்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். நாள் குறித்துச் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து கூடவே இல்லை. அவசரமாகச் செய்தால் சுமார் 7 மடங்கு. குடலை வெட்ட நேர்ந்தால் 20 மடங்கு. இதைப் படித்தபோது எனக்குள் ஓடிய முகம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக இறக்கம் என்றாலே இன்றைக்கே கத்தி என்று நான் சொல்ல மாட்டேன். தொந்தரவு அதிகமில்லாத ஆண்களைச் சும்மா கவனித்துவந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வந்தது. ஆயிரம் பேரை ஒரு வருஷம் கவனித்தால் திடீரென மாட்டிக்கொள்வது ரெண்டு பேருக்கும் குறைவு. தொடைப்பக்கத்து இறக்கத்தின் கதையே வேறு: லண்டனில் 1991-இல் கணக்குப் போட்டபோது 3 மாதத்துக்குள் இறுகும் வாய்ப்பு 22 சதவீதம், 21 மாதத்தில் 45. சிரசுக்காகத் தள்ளிப்போடலாம் என்று ஆணிடம் அரைமனதாக ஒத்துக்கொள்வேன். ஒரு ஆயாவிடம் மாட்டேன். ஆனால் ஆயாக்கள் தேதி கேட்டு வருவதே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வந்தபிறகு காசு முன்புபோல் பெரிய தடையில்லை. டேனரிக்காரருக்குத் தடை, சுமை தூக்காத வாரங்களின் கூலி. ஆயாவுக்குத் தடை, அந்த இடத்தைப் பற்றிப் பெற்ற மகளிடம்கூட வாய் திறக்க முடியாதது. பீஞ்சமந்தை மாதிரி மலைமேல் இருப்பவர்களுக்கு, ஒடுகத்தூருக்கு இறங்கி அங்கிருந்து அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் நேரமும் அதோடு சேரும்.

இப்போது எங்கள் வார்டில், வாந்தி என்று வயசானவர் யார் வந்தாலும் சிஸ்டர்கள் நான் சொல்லாமலே திரையைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். போன வாரம் காட்பாடிப் பக்கத்து ஆயா ஒருத்தர் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார்.

"வாந்தின்னு வந்தா, அங்க இன்னாத்துக்குப்பா பாக்குற?"

"ஒரு நிமிஷம் ஆயா, கொஞ்சம் தளத்திக்கோ."

"பேரன் வயசு இருக்கும் உனக்கு. வெக்கமா இல்ல?"

ரெண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முந்தின நாள் சாப்பிட்ட பழைய மீன்குழம்புதான். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை விலக்கினார்.