நான் உங்களுக்கு அக்காவோ?

கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோவில ஒரு சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னால ஒரு மனுசி, ரெண்டு தட்டும் ஒரு தண்ணிப் போத்தலுமா தடுமாறிக்கொண்டு நிண்டா. பாவமாக் கிடந்தது. "தாங்ககா, நான் பிடிக்கன்" எண்டன்.

என்னை மேலயும் கீழயும் பாத்தா. "நான் உங்களுக்கு அக்காவோ?"

என்ர தலையில மிஞ்சின மயிர் முழுக்க நரை. அவவுக்கு நாப்பது கூட வந்திருக்காது. கோபம் நியாயம்தான். அந்த "கா" அக்காவில்ல, மட்டக்களப்பில நாங்க பறையக்குள்ள வசனத்துக்குப் பின்னால தானா ஒட்டிக்கொள்ற வால் எண்டு, கையில கட்லட்டோட நிண்டு விளங்கப்படுத்தினன். பக்கத்தில நிண்ட யாழ்ப்பாணத்து நண்பர் விடுவாரா? "கவனம் பிள்ளை, இவையள் பாயோட ஒட்ட வைக்கிற ஆக்கள்!" மட்டக்களப்புக்குப் போனா மந்திரம் போட்டுப் பாயோட ஒட்ட வச்சிடுவாங்க எண்டு ஒரு பழங்கதை. இருவது வருசமா அதே பகிடி. இருவது வருசமா அவரே முதல்ல சிரிப்பார்.

1998இல வந்தனான். என்னோட வந்த ஊர்ப் பொடியன்மார் ஆறு மாதத்தில "என்ன செய்யிறியள்" எண்டு யாழ்ப்பாணப் பேச்சுக்கு மாறிட்டானுகள். நான் மாறல்ல. ஆரும் நக்கலடிச்சா எடுத்து விட ஒரு ஆயுதமும் வச்சிருக்கன்: செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில், பேச்சுத் தமிழுகளுக்குள்ள மட்டக்களப்புத் தமிழ்தான் எழுத்துத் தமிழுக்குக் கிட்ட நிக்கிது எண்டு எழுதியிருக்கார். இதைச் சொன்னா நண்பர் உடனே பாயசம் எடுக்கப் போயிடுவார்.

இங்கிலீசும் அதே மாதிரித்தான். வங்கிக்கு அடிச்சா ஒரு மெசின் கதைக்கும். நான் "திரீ" எண்டா அதுக்கு விளங்கா. மூண்டு தரம் மன்னிப்புக் கேக்கும், நாலாந்தரம் மகன் போனப் பறிச்சு ஒரு சொல்லுச் சொல்லுவான், மெசின் அடங்கிடும்.

இப்பிடிப் பொத்திப் பொத்தி வச்ச பேச்சோட போன வருசம் ஊருக்குப் போனன். உதயதேவி ரயிலில மட்டக்களப்புக்கு வந்து இறங்கி, கல்லடிக்கு ஓட்டோ பிடிச்சன். பாலம் கிட்ட வரக்குள்ள, "அங்கால இருந்து வாகனம் வருதா எண்டு பாத்து ஏறு மனே" எண்டன்.

ஓட்டோக்காரத் தம்பி கிறுகிப் பாத்தான். "எந்தக் காலத்தில இரிக்கீங்க அண்ணன்? புதுப்பாலம் வந்து எத்தின வருசம்!"

1924இல கட்டின அந்த ஒடுங்கின பாலத்தில ஒரு பக்கம் வந்தா மறுபக்கம் நிக்கணும். 2013இல அள்ளயிலயே அகலப் பாலம் திறந்தாச்சு. பேப்பரில படிச்சனான்தான். ஆனா வாய்க்கு ஆரு சொல்லுற?

வீட்டில அதை விட மோசம். பதினேழு வயசு மருமகள், "மாமா, ஒரு நிமிசம், அம்மாகூடப் பேசிட்டு வாறன்" எண்டாள். எனக்குப் பதறிப்போச்சு. "ஏன்கா, அம்மா உனக்கு என்ன செய்தவ பேசுறதுக்கு? சும்மா கதைச்சிட்டு வா." எங்களுக்குப் பேசுறதெண்டா ஏசுறதுதானே. அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். சீரியல் பாத்துப் பாத்து அவள்ற தமிழ் சென்னைக்குப் போயிட்டு. அடுத்த நாள் நான், பிறகு வாறன் எண்டுறதை எங்கட பழைய பேச்சில "மறுகா வாறன்" எண்டு சொல்லி வெளிக்கிட, தாயிட்டச் சொல்றாள்: "அம்மா, மாமா அப்பிடியே செத்துப்போன பெத்தா மாதிரி!" பெத்தா எண்டா எங்களுக்குப் பாட்டி.

மட்டக்களப்பான் எண்டு கனடாவில சிரிச்சாங்க. மட்டக்களப்பில பெத்தா எண்டு சிரிக்காங்க.

கடைசியாப் பக்கத்துக் காத்தான்குடியில ஒரு கடைக்குப் பன்பாய், அதான் பன் புல்லில பின்னின பாய், வாங்கப் போனன். கால்சட்டை, வெயில் கண்ணாடியோட என்னைக் கண்டதும் கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்க அப்பிடித்தான் கூப்பிடுற) ஒரு விலை சொன்னார், ரொறன்ரோவிலயே அதை விட மலிவு. "என்ன காக்கா, இப்ப இதைச் சொல்லி மறுகா எவ்வளவு குறைப்பீங்க?" எண்டன். அவர் தன்ர கண்ணாடியக் கழட்டி என்னைப் பாத்தார். "ஊர்ப்பிள்ளையா மகன்? முதல்லயே வாயத் தொறந்திருக்கலாமே!" அரைவாசி குறைஞ்சிது. தேத்தண்ணியும் வந்தது.

அந்தப் பாயக் கொண்டுவந்து நண்பருக்குத்தான் குடுத்தன். தொட்டுத் தடவி, "நல்ல பின்னல்" எண்டு வாங்கினார். இப்ப அவர்ர ஹோல் சுவரில ஆணியடிச்சுத் தொங்குது. ஆரும் அதில இருந்ததை நான் இதுவரைக்கும் காணல்ல.