எடை சரி என்று சொல்லும் செப்புக்காசு

டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் சொல்லும் சிங்கப்பூரில், வெள்ளிக்கும் காசுக்கும் உள்ள வேறுபாடு நம் பேச்சிலேயே இருக்கிறது. அண்மையில் என் சேகரிப்பில் சேர்ந்த அரபுச் செப்புக்காசு அந்த வேறுபாட்டைப் பற்றி மீண்டும் யோசிக்க வைத்தது. நம் பத்துக் காசைவிடச் சற்றே கனமான அதனை அரபியில் ‘ஃபல்ஸ்’ என்பார்கள். பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், செப்புக்காசான ‘ஃபொல்லிஸ்’ என்பதிலிருந்து வந்த பெயர் அது.

திமிஷ்கில் (டமாஸ்கஸ் நகரில்) அச்சிட்டது என்ற சீட்டுடன்தான் காசு எனக்கு வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது கின்னஸ்ரீன் என்று படித்தேன். விற்றவர் அவசரத்தில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது நல்லதாகவே முடிந்தது, ஏனெனில் கின்னஸ்ரீன் பைசாந்தியப் பேரரசை எதிர்கொண்டிருந்த வட சிரியாவின் படை மாவட்டம்.

ஒரு பக்கத்தில் தாடியும் நீண்ட முடியுமாக, வாளின் பிடியில் கைவைத்து நிற்கிறார் அரபுப் பேரரசின் தலைவரான கலீஃபா. சுற்றிலும் ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட கலீஃபா அப்துல் மலிக்கின் பெயர். மறுபக்கத்தில் படிகள் மீது ஒரு தண்டு. பைசாந்தியக் காசில் அதே படிகள் மீது சிலுவை நிற்கும்; இங்கே குறுக்குக்கட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள். தண்டின் ஒரு புறம் ஊர்ப்பெயர், மறுபுறம் ‘வாஃப்’, அதாவது ‘நிறை எடை’ என்ற சொல்.

இந்த ஒரு சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. பொன்னும் வெள்ளியும் தம் உலோகத்தின் மதிப்பாலேயே எங்கும் செல்லும்; செம்பு, கடைக்காரர் வாங்கிக்கொண்டால்தான் காசு. அப்துல் மலிக் 696–97இல் பொற்காசான தீனாரையும் 698–99இல் வெள்ளிக்காசான திர்ஹமையும் உருவங்களை நீக்கி எழுத்து மட்டுமே உள்ளவையாகச் சீர்படுத்தியபோதும், செம்புக்கு அத்தகைய ஒரே அளவு வரவில்லை; எடையும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறின. படைவீரர் ரொட்டி வாங்கும் சந்தையில், முந்தைய ஆட்சியின் தேய்ந்த காசுகளும் புதியவையும் கலந்து புழங்கியிருக்கும் நிலையில், தன் எடைக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டிய தேவை இந்தக் காசுக்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன். சிரியாவின் ஹிம்ஸ் நகரக் காசுகளில் ‘நல்லது’ என்பதைக் கிரேக்கத்தில் ‘கலோன்’ என்றும் அரபியில் ‘தைய்யிப்’ என்றும் இரு முறை பொறித்தார்கள். நாட்டின் பெயரை நான்கு மொழிகளில் தாங்கும் நம் காசுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, அந்த இரு மொழிக் காசு அந்நியமாகத் தெரியவில்லை.

என் காசில் ‘வாஃப்’ என்பதன் முதல் இரண்டு எழுத்துகள் தெளிவாக உள்ளன. மூன்றாவது எழுத்து பாதி தேய்ந்துவிட்டது.