வறட்சியில் நிறையும் பதிவேடு

வறட்சி வந்தால்தான் எங்கள் சங்கத்து எடைப் பதிவேடு நிறையும். வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தர்மபுரிக் கரையில் உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. விடியும் நேரத்தில் பரிசல்கள் கரை சேரும். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி என்று பிரித்துத் தராசில் ஏற்றி, அவரவர் பெயருக்கு நேரே கிலோவைப் போட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

மேட்டூருக்கு முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 2023 அக்டோபரில் மட்டம் 30 அடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் கரையிலுள்ள நாகமரைக்கு எதிர்க்கரையில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் இப்படிப்பட்ட காலத்தில் வெளியே தெரியும். அதைப் படம் பிடிக்கக் கூட்டம் வரும். தண்ணீர் சுருங்கச் சுருங்க மீனுக்கு ஒளிய இடமிருக்காது. போட்ட வலையெல்லாம் கனக்கும். கிலோ ஏறும், விலை இறங்கும். சில வாரம் போனால் மீனின் அளவும் இறங்கும், அப்புறம் வலை வெறுமையாக வரும். அடுத்த வருஷத்துக்கு முட்டையிட வேண்டிய தாய் மீன்களைத்தான் அதுவரை எடை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு அது நல்ல மகசூல் மாதம். நல்ல மகசூல் மாதத்துக்கு யார் நிவாரணம் தருவார்கள்?

வெள்ளத்தில் கதை தலைகீழ். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்த அணை அந்த மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டது. ஊர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம்; ‘இனி மீனுக்குப் பஞ்சமில்லை’ என்றார்கள். தண்ணீர் பரவினால் மீனும் பரவிவிடும் என்பது வலை போடுகிறவருக்குத்தான் தெரியும். புதுத் தண்ணீரின் வேகத்துக்கு எதிரே ஏறிப்போகும் மீனும் உண்டு. வறண்ட நாளில் அணைப்படுகையில் முளைத்த சீமைக்கருவேல மரங்கள் மூழ்கிப்போய் தங்கூசி என்னும் நைலான் நரம்பு வலையைக் கிழிக்கும். அந்த வாரங்களில் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு நேரே கோடுதான்.

இதில் கொடுமை, எங்களை ஆட்டிவைக்கும் மழை எங்கள் ஊரில் பெய்வதே இல்லை. அது குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. கர்நாடகத்துக் கபினி அணையில் எவ்வளவு திறந்தார்கள், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி என்ற செய்திதான் இவர்களுக்கு வானிலை அறிக்கை. கரையோரம் குடிசை போட்டிருக்கும் பெரியவர் ஒருவர் நாளிதழ் வாங்கி வரச்சொல்லி என்னிடம் அந்த ஒரு செய்தியை மட்டும் வாசிக்கச் சொல்வார். கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

“எங்க ஊருல மேகமே காணோம் தம்பி, ஆனா இன்னைக்கே குடிசையத் தூக்கணும்” என்பார். தூக்கியும் விடுவார். தண்ணீர் ஏறினால் மேட்டுக்கும், இறங்கினால் கீழேயும் தகரம், கம்பு, பாத்திரம், ஆடு எல்லாவற்றோடும் நகர்வது இவர்களுக்குப் பழக்கம். பழக்கம் என்பதாலேயே அது சேதக் கணக்கில் வருவதில்லை. தண்ணீர் விலகிய ஈர மண்ணில் எள்ளோ கம்போ விதைக்கிறவர்களும் உண்டு. அணை சீக்கிரம் நிரம்பினால் விதைத்தது போச்சு, தாமதமானால் வலைக்கு வேலை இல்லை. ஒரே குடும்பம் இரண்டு பக்கமும் பணம் கட்டி ஆடுகிற சூதாட்டம் மாதிரி இருக்கிறது.

வெயில் செய்வதும் சாதாரணமில்லை. சாயங்காலம் வலையை விட்டுவிட்டு விடிகாலையில் எடுப்பதுதான் வழக்கம். சித்திரை வைகாசியில் தண்ணீரே சூடேறிக் கிடப்பதால், வலையில் மாட்டிய மீன் விடிவதற்குள் பதம் கெட்டுவிடுகிறது. அதனால் நடுராத்திரியிலும் ஒருமுறை பரிசலில் போய் வலையைத் தூக்குகிறார்கள். அதே மாதங்களில்தான் கோடை இடியும் மின்னலும். மூங்கில் வட்டத்தில் உட்கார்ந்து நடு ஏரியில் இருப்பவருக்கு ஒதுங்க மரம்கூட இல்லை. மின்னலை முன்கூட்டிச் சொல்லும் தாமினி செயலி நல்லதுதான், ஆனால் அணைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆடிக் காற்றிலோ பரிசல் சொன்ன பேச்சைக் கேட்காது.

கிருஷ்ணகிரிப் பக்கம் வேறு வகை. அங்கே ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர்கள் அதிகம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, உள்ளே நகர்ந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கடலே பார்க்காத ஊரில் புயல்! பேருந்து நிலையத்தருகே வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஏரி நிரம்பி வழியும் கோடி வழியாகப் போன மீனை யாரும் படம் பிடிக்கவில்லை. கோடியில் வலை கட்டித் தடுக்கலாமே என்று எனக்குத் தெரிந்த குத்தகைக்காரரிடம் கேட்டேன். “கட்டினா குப்பை அடைச்சு கரையே உடையும் சார், வலையை அவுக்கச் சொல்லத்தான் முதல்ல வருவாங்க” என்றார். குஞ்சு வாங்கியது, தீவனம், குத்தகைப் பணம் என்று எல்லாமே கடன்.

விண்ணப்பம் எழுதித் தருவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. படிவத்தில் சேதம் ஏற்பட்ட தேதி என்று ஒரு கட்டம் உண்டு. புயல் என்றால் எழுதலாம். எட்டு மாதமாகத் தண்ணீர் இறங்கியதற்கு எந்தத் தேதியைப் போடுவது? கடல் மீனவர்களுக்கு 61 நாள் தடைக்காலமும் அதற்கு நிவாரணமும் இருக்கின்றன. அது அவர்களுக்குப் போதுமா என்பது வேறு பேச்சு. ஆனால் வேலையில்லாத காலம் என்று ஒன்றை அரசு அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே அந்தக் காலம் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பையன்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறார்கள், அணை நிரம்பினால் சிலர் திரும்புகிறார்கள்.

இப்போது பதிவேட்டின் ஓரத்தில் அன்றன்றைய அணை மட்டத்தையும் எழுதி வருகிறேன். கிலோவுக்குப் பக்கத்தில் அடி இருந்தால், எடை ஏறியது எதனால் என்று கேட்பவருக்குக் காட்டலாம். சின்னக் கண் வலையை மட்டம் இறங்கிய மாதங்களிலாவது நிறுத்த வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லியும் பார்த்தேன். “நாங்க நிறுத்தினா எதிர்க்கரைக்காரன் அள்ளிட்டுப் போவான், அந்த மாசம் அரிசி யார் குடுப்பா?” என்று ஓர் அக்கா கேட்டார். இரண்டு கரைச் சங்கங்களும் சேர்ந்து பேசினால்தான் ஆகும் என்று மட்டும் முடிவாகியிருக்கிறது. கூட்டத்துக்குத் தேதி இன்னும் வைக்கவில்லை.