வெறும் ஃபிளாஷ்

போன தை மாதம் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. நிச்சயம் முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்கு வந்து, "அண்ணா, முழுக் கல்யாணத்தையும் ஃபிலிம்லயே எடுத்துக் கொடுங்க, டிஜிட்டலே வேண்டாம்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றைப் பிசைந்தது. 1993ல் தர்மபுரியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஃபிலிமிலேயே ஓட்டியவன் நான். அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான், 2004ல்தான் பிரிந்தது, அதனால் ஓசூரிலிருந்து அரூர் வரைக்கும் கல்யாணம் எங்கே என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவோம்.

முதலில் கணக்கைச் சொன்னேன். ரோலுக்கு 36 படம். நானும் என்னோடு வரும் தம்பியும் இப்போது இரண்டு நாள் கல்யாணத்தில் மூவாயிரம் படம் சாதாரணமாகத் தட்டுகிறோம். கலர் ரோல் ஒன்றே ஆயிரத்தைத் தாண்டுகிறது, பெங்களூரு லேபில் கழுவி ஸ்கேன் செய்வது தனி. அப்புறம் வெளிச்சம். முகூர்த்தம் விடியற்காலை நாலரை முதல் ஆறு. மண்டபத்தில் மஞ்சள் சீரியல் பல்பு, பச்சையடிக்கும் டியூப்லைட், வெள்ளை எல்இடி எல்லாம் கலந்து கிடக்கும். பகல் வெளிச்சத்துக்குச் செய்த ஃபிலிமில் பல்பு வெளிச்சம் செம்மஞ்சளாகத்தான் விழும், ஸ்கேனில் ஓரளவுதான் சரிசெய்யலாம். கலர் நெகடிவ் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், அதனால்தான் வெள்ளை வேட்டியும் நகைப் பளபளப்பும் அதில் அவ்வளவு அழகாக நிற்கும். குறைந்துபோனால் நிழல் எல்லாம் சேறாகிவிடும்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் தயங்கியதற்குக் காரணம் வேறு.

அந்தக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்து ரோல் பேசினால் பெரிய விஷயம். 360 படம். சடங்குக்கே பாதி போய்விடும். மேடையில் வாழ்த்த நானூறு பேர் வரிசையில் நிற்பார்கள், எல்லோருக்கும் எங்கே போவது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். முதலாளி இடது காதைத் தொட்டால் வெறும் ஃபிளாஷ். காமிராவைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், ஷட்டரைத் தொடக் கூடாது, ஃபிளாஷின் பின்பக்கம் இருக்கும் டெஸ்ட் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பளிச். "ஆச்சுங்க." அவர்களும் சந்தோஷமாக இறங்கிப் போவார்கள். நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் எடுங்கள் என்று வீட்டுக்காரர்களே சொல்வதும் உண்டு. ஆனால் சொந்தம் யார் என்று எங்களுக்கு என்ன தெரியும்? பட்டுச் சட்டை என்றால் படம், தோளில் கசங்கின துண்டு என்றால் வெறும் ஃபிளாஷ். நல்ல பிள்ளையாக நானும் அழுத்தியிருக்கிறேன், எத்தனை பேருக்கு என்று கணக்கில்லை.

சில வருஷங்களுக்கு முன் பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். 1996ல் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் அவருடைய அப்பா அவரையும் கூட்டிக்கொண்டு மேடை ஏறினாராம். ரேஷன் கார்டு படத்தைத் தவிர அப்பாவுக்கு வேறு படமே இல்லை, கல்யாண வீட்டு ஆல்பத்திலும் காணோம், நெகடிவ் இருக்குமா என்று கேட்டார். பழைய ஸ்டூடியோவை மூடியபோது பிஸ்கட் டப்பாக்களோடு நெகடிவ் எல்லாம் என்னிடம்தான் வந்தது. அந்தக் கல்யாணத்தின் கவரும் இருந்தது. ஒவ்வொரு துண்டாக லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தோம். இல்லை. "ஃபிளாஷ் அடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க, கண்ணு கூசுச்சு" என்றார். சில நெகடிவ் பூசணம் பிடித்துப் போச்சும்மா என்று சொல்லி அனுப்பினேன். பொய்.

அதனால் மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தேன். பெண் அலங்காரம், நலங்கு, விடிந்த பிறகு மாந்தோப்பில் எடுப்பது எல்லாம் ஃபிலிம். தாலி கட்டு இரண்டிலும். மேடை வரிசை முழுக்க டிஜிட்டல். "மேடையும் ஃபிலிம்ல வந்தா நல்லாருக்குமேண்ணா" என்றார். அது மட்டும் முடியாதுங்க என்றேன், ஏன் என்று சொல்லவில்லை.

அன்றைக்கு எட்டு ரோல் போனது. ரோல் மாட்டி லீவரை இழுத்ததும் இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்கும் பழக்கம் கை மறக்கவில்லை. அது சுற்றாவிட்டால் ஃபிலிம் பல்லில் மாட்டவில்லை, 36ம் காலி. தாலி கட்டும்போது தம்பி நாற்பது படம் தட்டினான், நான் மூன்று. அந்த மூன்றில் ஒன்றில் நாத்தனார் கை மறைத்துவிட்டது. சரி, டிஜிட்டல் இருந்ததால் பிழைத்தோம்.

மேடை வரிசை பாதி போயிருக்கும், தம்பி பேட்டரி மாற்றக் கீழே இறங்கிய நேரம். ஒரு பெரியவர் தனியாக ஏறி வந்து மொய்க் கவரை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார். என் கழுத்தில் ஃபிலிம் காமிராதான் தொங்கியது, எண் 35ல் நின்றது. அழுத்தினேன். லீவரை இழுத்து இன்னொன்றும் அழுத்தினேன்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

லேபிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் தேடினேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அனுப்பி யார் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை, பெண் வீட்டுப் பக்கமாக இருக்கும் என்றார். அவர்களும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிண்ட் போட்டு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.