யுதோனோவில் கேமரா பைக்குள் போகட்டும்

ஜப்பானின் யாமகாத்தா மாநிலத்தில் உள்ள தேவா சன்சான், மூன்று மலைகளைச் சேர்த்துச் செய்யும் யாத்திரை. ஹாகுரோ (414 மீ) இம்மை, கஸ்ஸான் (1984 மீ) மறைந்தோர் உலகம், யுதோனோ (1504 மீ) மறுபிறப்பு. இதே வரிசையில் வழிபடுவது மரபு. வெள்ளை உடுத்தி, சங்கு ஊதி ஏறும் மலைத்தவசிகள் யாமபுஷிகள். அவர்களுடைய ஷுகென்தோ நெறியை 1872-ல் மெய்ஜி அரசு தடைசெய்தது. அந்த அடியிலிருந்து அது இன்னும் முழுதாக எழவில்லை.

படம் எடுப்பவர்கள் அடிவார ஊரான தோகெயில் அரைநாளாவது தங்குங்கள். முன்னூறுக்கும் மேல் இருந்த யாத்திரிகர் விடுதிகள் இன்று முப்பது சொச்சம். வாசல் இறவாணத்தில் முறுக்கிய தடித்த வைக்கோல் கயிறு தொங்கும். டிசம்பர் 31 இரவுத் திருவிழாவில் கிடைத்த காப்பு அது. வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கிட்டப்போய், பிரி தெரிய எடுங்கள். கயிறு தொங்காத வாசலையும் எடுங்கள், அதுவும் ஆவணம்தான்.

ஹாகுரோவுக்கு 2446 கல்படிகள். முதலில் படி கீழே ஆற்றுக்கு இறங்கும், பிறகுதான் ஏற்றம். 29 மீட்டர் ஐந்தடுக்கு கோபுரம் தொடக்கத்திலேயே வந்துவிடும். பெருமரங்கள் மூடிய வழி நண்பகலிலும் இருட்டு. கேமரா அந்த இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து வெள்ளை உடையை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். டிரைபாட் வேண்டாம், ஏறுபவர்களுக்கு இடைஞ்சல்.

கஸ்ஸானில் இதற்கு நேர்மாறு. ஜூலையிலும் கிடக்கும் பனியைக் கேமரா சாம்பலாக்கும், ஒரு படி கூட்டுங்கள். மலைவழியின் எட்டாம் நிலை வரை பஸ், அங்கிருந்து உச்சிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம். உச்சிக் கோயில் ஜூலை 1 முதல் செப்டம்பர் நடுவரைதான் திறந்திருக்கும். சன்னிதிக்குமுன் மனித உருவில் வெட்டிய தாள் தருவார்கள்; உடம்பில் தடவி, ஊதி, நீரில் விட வேண்டும். உள்ளே படம் கூடாது.

கஸ்ஸானிலிருந்து யுதோனோவுக்கு இறங்கும் வழி செங்குத்து, இரும்பு ஏணிகளும் உண்டு. இரண்டு கையும் வேண்டும் என்பதால் கேமராவை இங்கேயே பைக்குள் வைத்துவிடுங்கள். யுதோனோ சன்னிதியில் செருப்பில்லை, படமில்லை. கண்டதைச் சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. 1689-ல் வந்த கவிஞர் பாஷோ இங்கே எழுதுகோலைக் கீழே வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று இங்கும் எழுதப்போவதில்லை. கால் துடைக்க ஒரு துண்டு மட்டும் கொண்டுபோங்கள்.